பெரியம்மாவுக்கு ஒரு கூரை

ஜூன் 3, புதன்

மன்றத்து மக்களே, பெரியம்மாவுக்குக் கூரை கிடைக்கப் போகிறது, அதற்கான திட்டத்தை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான் போடப் போகிறேன், நிஜம், நிஜம்!

மூச்சு விட்டுக்கொண்டு சொல்கிறேன். என் இணையப் பக்கத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்காக: பெரியம்மா என்றால் டகோட்டா விமானம். ஊருக்கு வெளியே பழைய ஓடுதளத்தில் வெயிலிலும் மழையிலும் கிடக்கிற ஐந்து விமானங்களில் இவள்தான் பெரியவள். வால் தரையில், மூக்கு வானத்தில். கல்யாண வீட்டில் நாற்காலியில் சாய்ந்துகொண்டு "இன்னும் காபி வரலையா?" என்று கேட்கிற பெரியம்மா மாதிரியே நிற்பாள். அதனால்தான் அந்தப் பெயர். அதனால்தான் "டகோட்டா பெரியம்மா ரசிகர் மன்றம்". நானேதான் தலைவி, செயலாளர், பொருளாளர்.

செய்தி இது. ஓடுதளத்து ஓரம் இருக்கிற பழைய ஹேங்கரை, அதாவது விமானக் கொட்டகையை, ஒரு டிரஸ்ட் சரிசெய்து அருங்காட்சியகம் ஆக்குகிறது. ஐந்து விமானமும் உள்ளே போகுமா என்று யாருக்கும் தெரியாது. உள்ளே போகாதது காயலான் கடைக்குப் போகும் என்று டிரஸ்ட் சேர்மன் சொல்லிவிட்டார். முதலில் யாரைக் கழற்றிவிடுவார்கள்? இடத்தை அடைக்கிறவளைத்தான்.

நான் அருங்காட்சியகப் பொறுப்பாளர் ஹெப்சிபா மேடத்துக்கு நீளமாக ஒரு செய்தி அனுப்பினேன். விமானப்படையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்று அவரே கூப்பிட்டார். நாகர்கோவில் பேச்சு.

"நீதானா பிள்ளே அந்த ரசிகர் மன்றம்?"

"ஆமாங்க மேடம்."

"விமானத்துக்கெல்லாமா மன்றம் வைப்பாங்க?"

"நடிகருக்கு வெச்சா மட்டும் பரவால்லீங்களா மேடம்?"

சிரித்தார். பிறகு சொன்னார்: "அளவெல்லாம் அனுப்புறேன். நெச அளவுல எழுபத்திரண்டுல ஒரு பங்கு. ஹேங்கரையும் செய்யி, அஞ்சு விமானத்தையும் செய்யி. மேசையில வெச்சு நகத்திப் பாப்போம். அஞ்சும் போவும்னு நீ காட்டிட்டேன்னா, சேர்மன்ட்ட நான் பேசுவேன்."

இந்த நாட்குறிப்பைப் பூட்டி வைக்கிறேன். பெரியம்மா உள்ளே போகிற சமயத்தில் மன்றத்துக்குத் திறந்துவிடுவேன்.

ஜூன் 7

நான் வேலை பார்க்கும் ஃப்ளெக்ஸ் கடையில் வெட்டிப் போடுகிற சன்போர்டு என்கிற பிளாஸ்டிக் அட்டைத் துண்டுதான் மூலப்பொருள். முதலாளி மயில்சாமி அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"அம்மணி, குப்பைய எதுக்குப் பொறுக்கறே?"

"ஏரோப்ளேன் செய்யறதுக்குங்ணா."

"ஏரோப்ளேனா? எனக்கும் ஒண்ணு செஞ்சு குடு. இந்தக் கட்சிக்காரங்க பேனருக்குப் பாக்கி கேட்டா மட்டும் கண்ணுலயே சிக்க மாட்டேங்கறாங்க, பறந்து போயிப் புடிக்கறேன்."

யாரும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை. ரஷ்யாவில் ஒரு தாத்தா, பிரேசிலில் ஒரு பையன், இவர்களுடைய வீடியோக்களைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். ரீஃபில் குழாய் ஜெட் எஞ்சின் ஆனது. அம்மாவின் உடைந்த கொண்டை ஊசி, நாட் என்கிற குட்டி விமானத்தின் கால்கள் ஆனது. சக்கரத்துக்கு என்ன செய்வது என்று அரை நாள் யோசித்தேன். பிறகு அடுப்படிக்குப் போனேன். மிளகு! அந்தச் சுருக்கம், அந்தக் கறுப்பு, தேய்ந்த டயர் மாதிரியே இருக்கிறது.

"ஏண்டி, மொளகு டப்பா எங்கடி?" என்றாள் அம்மா.

"பெரியம்மா எடுத்துட்டுப் போய்ட்டா."

"எந்தப் பெரியம்மா?"

ஹேங்கர் சுவர்களின் மேல் விளிம்பில் எட்டு இடத்தில் காடி, அதாவது சின்னப் பள்ளம், வெட்டியிருக்கிறேன், கூரை மாட்டுவதற்கு. கூரையைக் கடைசியில் செய்துகொள்ளலாம். இப்போது உள்ளே கை போக இடம் வேண்டும்.

ஜூன் 10

மக்களே!!! கடைக்கு யார் வந்தது தெரியுமா? ஜெட் அபினவ்! தொண்ணூறாயிரம் பேர் பின்தொடர்கிற அதே ஜெட் அபினவ்! நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதிலிருந்து பார்க்கிற சேனல். மிக் விமானத்தின் சத்தத்தை வாயாலேயே எழுப்புவானே, அவன்தான். என் பக்கத்தில் போட்ட படங்களைப் பார்த்துவிட்டுத் தேடி வந்திருக்கிறான்.

"ப்ரோ, இதெல்லாம் நீயா செஞ்சே? சத்தியமா?"

நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. மயில்சாமி அண்ணன் டீ வாங்கிக் கொடுத்தார். அபினவ் டீயில் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை.

ஜூன் 12

அபினவ் மறுபடி வந்தான். இரண்டு பேரும் மேசையில் விமானங்களை எடுத்து எடுத்து வைத்துப் பார்த்தோம். பெரியம்மாவுக்கு அடுத்துப் பெரிய விமானமான கான்பெரா பின்சுவரை ஒட்டி. மிக்கும் கிரணும் இடது பக்கம். நாட் வலது மூலையில். பெரியம்மாவை நான் நேராக வைத்திருந்தேன். அவன் இரண்டு விரலால் தூக்கி, குறுக்கே திருப்பி, நட்ட நடுவில் வைத்தான். உள்ளே வருகிறவர்களுக்கு அவளுடைய முழுப் பக்கவாட்டும் தெரியும்.

"இதுதான் ப்ரோ ஷாட்."

எனக்கும் அழகாகத்தான் தெரிந்தது. அவன் தலை என் தலைக்குப் பக்கத்தில் இருந்தது. கூந்தல் எண்ணெய் வாசனைக்கு ஏதாவது நினைப்பானோ என்று பயமாக இருந்தது. நாளையிலிருந்து ஷாம்பூ.

ஜூன் 13

ஒரு ரீல் எடுக்க ஒரே ஒரு வாரக்கடைசிக்கு மாடலைக் கேட்டான். கொடுத்தேன். போகிற வழியில் ஆடக்கூடாது என்று அட்டைப் பெட்டியில் பஞ்சு வைத்துக் கட்டிக் கொடுத்தேன்.

ஜூன் 17

வீடியோ வந்துவிட்டது. தலைப்பு: "அருங்காட்சியகத்துக்கு என்னுடைய ஹேங்கர் பிளான்".

என்னுடைய. அவனுடைய.

அடிப்பலகையில் அவனுடைய சின்னத்தை ஒட்டியிருக்கிறான். விரலால் ஒவ்வொரு விமானத்தையும் மேலிருந்து இறக்குகிறான், பின்னால் இசை. சேர்மன் பக்கத்தில் உட்கார்ந்து கைதட்டுகிறார். ஹெப்சிபா மேடம் அங்கே இல்லை, அவருடைய அம்மாவுக்கு ஆபரேஷன் என்று ஊருக்குப் போயிருக்கிறார். ஜூலை பன்னிரண்டாம் தேதி ஞாயிறு, லைவில், இதே வரிசையில் விமானங்களை உள்ளே கொண்டுபோகிறார்களாம். அபினவ்தான் ஆலோசகராம்.

கடைசியில் யாரோ கேட்கிறார்கள், மாடலைச் செய்தது யார் என்று. "அது வந்து ப்ரோ, ஒரு ஃப்ளெக்ஸ் கடைப் பொண்ணு ஒட்டிக் குடுத்துச்சு. கம் போடற வேலைக்கு ஆள் வேணும்ல?" சிரிக்கிறான். எல்லோரும் சிரிக்கிறார்கள்.

நான் செய்தி அனுப்பினேன். ஒரு டிக். என்னைத் தடுத்துவிட்டான்.

ஜூன் 18

மிளகு. என் மிளகு.

ஜூன் 20

மேடத்தைத் தொலைபேசியில் பிடித்தேன். ஆஸ்பத்திரி சத்தம். "சேர்மன் வாக்குக் குடுத்துட்டாரு பிள்ளே. அந்தப் பயலுக்குக் கூட்டம் இருக்கு, அவருக்குக் கூட்டம் வேணும். நான் வந்து பேசுறேன். நீ வேணும்னா டீம்ல சேந்துக்கோ."

கம் போடுவதற்கா? வேண்டாம் என்றேன்.

பழிவாங்க என்னென்ன செய்யலாம் என்று மதியம் முழுக்க யோசித்தேன். அவன் ஸ்கூட்டர் சீட்டில் ஃபெவிக்விக். அவன் பழைய வீடியோ ஒன்றில் கான்பெராவை வேறு விமானத்தின் பெயர் சொல்லிக் காட்டுகிறான், அதை வெட்டி ஊரெல்லாம் பரப்புவது. பொய்ப் பெயரில் கணக்குகள் திறந்து அவன் பக்கத்தில் திட்டுவது. கடைசியை மட்டும் செய்தேன். அதில் ஒரு பொய்க் கணக்குக்கு என் நிஜப் பக்கத்தைவிட அதிகம் பேர் சேர்ந்துவிட்டார்கள். அவமானத்துக்கு மேல் அவமானம். எல்லாவற்றையும் அழித்தேன்.

மயில்சாமி அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தார். "அம்மணி, பழி வாங்கறதுன்னா தாராளமா வாங்கு. ஆனா கடை சிஸ்டத்துல வேண்டாஞ் சாமி, வைரஸ் வந்துரும்."

ஐந்து விமானத்தையும் ஹேங்கரையும் மறுபடி முதலிலிருந்து செய்யத் தொடங்கியிருக்கிறேன். எதற்கு என்று கேட்காதீர்கள். கை சும்மா இருந்தால் போனை எடுக்கிறது.

ஜூன் 25

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்துவிட்டேன். சாமி கும்பிடாத நான் இன்று அம்மாவின் பூஜை அலமாரிக்கு முன்னால் போய் நின்றேன்.

நடந்தது இது. புது ஹேங்கர் மாடலின் மேல் பல்லி விழுகிறது என்று அம்மா ஒரு அட்டையைப் போட்டு மூடியிருந்தாள். அதன்மேல் துவைத்து மடித்த துணிகளையும் அடுக்கி வைத்துவிட்டாள். எனக்குச் சோம்பல். துணியை எடுக்காமல், வாசல் வழியாகவே ஒரு ஊதுபத்திக் குச்சியால் விமானங்களை உள்ளே தள்ளி, அவனுடைய அந்த "ஷாட்" மாதிரி வைத்துப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.

முடியவில்லை.

கான்பெரா முதலில் பின்சுவருக்குப் போனது. சரி. மிக், கிரண், நாட், சரி. பிறகு பெரியம்மா. வாசலுக்கும் அவள் சிறகு நுனிக்கும் நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்து நிற்கிற இடம்தான், அதனால் நேராக மட்டும்தான் நுழைய முடியும். நுழைந்த பிறகு அவளைக் குறுக்கே திருப்ப வேண்டும். திருப்பினால் ஒரு பக்கம் சிறகு கான்பெராவை இடிக்கிறது, மறு பக்கம் வால் சுழன்று கிரணை இடிக்கிறது. எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டுப் பெரியம்மாவை முதலில் கொண்டுபோனேன். ஜோராகத் திரும்பினாள். ஆனால் அவள் குறுக்கே படுத்த பிறகு கான்பெரா பின்னால் போக வழியே இல்லை.

எந்த வரிசையிலும் போகாது. மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன். போகாது!

மேசையில் மட்டும் எப்படிப் போனது? மேலிருந்து தூக்கி வைத்தோம். அவனும் தூக்கினான், நானும் தூக்கினேன். மாடல் செய்கிற எங்கள் எல்லோருக்கும் வானத்திலிருந்து இரண்டு விரல் வரும் என்கிற நினைப்பு. நிஜ ஹேங்கரில் விரல் வராது. அங்கே கூரை இருக்கிறது.

பன்னிரண்டாம் தேதி லைவில் அவன் மாட்டிக்கொள்வான். தொண்ணூறாயிரம் பேர் பார்க்க, பெரியம்மா வாசலில் பாதியில் நிற்க, அவன் முகம் எப்படிப் போகும்! நான் ஒன்றும் செய்யத் தேவையில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். என் வாழ்க்கையிலேயே மிகச் சுலபமான வேலை.

ஜூன் 26

ரசம் நன்றாக இருந்தது. இரண்டு முறை போட்டுக்கொண்டேன்.

ஜூன் 29

சரியான வழியையும் கண்டுபிடித்துவிட்டேன், சும்மா பொழுதுபோகவில்லை என்று. பெரியம்மாவை வால் முன்னால் போக உள்ளே இழுக்க வேண்டும். மூக்கு வாசலைப் பார்த்தபடி நேராக நிற்பாள். வருகிறவர்களை அவளே வரவேற்கிற மாதிரி. இழுக்கிற டிராக்டர் உள்ளே மாட்டிக்கொள்ளாமல் வெளியே வர, கான்பெராவின் சிறகுக்கும் கிரணுக்கும் நடுவில் ஒரு சந்து விட்டேன். அழிரப்பரில் ஒரு டிராக்டரும் செய்தேன். அபினவ் வைத்திருக்கிற மாடலில் டிராக்டரே கிடையாது. விமானம் தானாக நடந்து போகும் என்று நினைக்கிறானோ என்னவோ.

ஐந்தும் போகிறது. யாரிடமும் சொல்லவில்லை.

ஜூலை 1

ஓடுதளத்துக்குப் போனேன். சும்மாதான்.

பன்னிரண்டாம் தேதி டிராக்டர் ஓட்டப் போகிற ரங்கன் அண்ணன் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். பெரியம்மாவின் உடம்பில் வெள்ளையாக ஏதோ கோடு. குழந்தைகள் கிறுக்கியிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"அதுங்களா? காயலான் கடைக்காரன் போட்டதுங்க. ஒருவேளை உள்ள போகலீன்னா எங்கெங்க அறுக்கறதுன்னு சாக்பீஸ்ல குறி வெச்சுட்டுப் போயிருக்கறான். ஞாயித்துக்கெழம சாயங்காலமே லாரி வந்து நிக்குமாமா."

"உள்ள போகலீன்னா, வேற மாதிரி வெச்சுப் பாக்க மாட்டாங்களா?"

"அதுக்கெல்லாம் நேரம் ஏதுங்க அம்மணி? அன்னிக்கு ஒரு நாளைக்குத்தான் ஆளு, கயிறு எல்லாஞ் சொல்லியிருக்குது. சேர்மன் ஒரே பேச்சா சொல்லிப்புட்டாரு. பொழுதுக்குள்ள உள்ள போனது உள்ள, வெளிய நின்னது வெளிய."

கோடு கழுத்தில் ஒன்று, இடுப்பில் ஒன்று, இரண்டு சிறகின் அடியிலும் ஒவ்வொன்று. எட்டுகிற இடத்தில் துப்பட்டாவால் கொஞ்சம் துடைத்தேன். துப்பட்டா அழுக்கானதுதான் மிச்சம்.

அது வேறு விஷயம். இது வேறு விஷயம். அவன் அவமானப்பட வேண்டும்.

ஜூலை 3

நேற்று ஒன்றும் எழுதவில்லை. தலைவலி.

ஜூலை 5

இதைக் கேளுங்கள். வெள்ளிக்கிழமை டிரஸ்ட் அரங்கில் "மாடல் வெளியீட்டு விழா" நடத்துகிறார்களாம். பத்திரிகைக்காரர்கள் வருகிறார்களாம். அதற்குப் பேனர் ஆர்டர் எந்தக் கடைக்கு வந்தது? எங்கள் கடைக்கு!

அபினவின் முகம், ஆள் உயரத்துக்கு. கீழே "சிந்தனையும் வடிவமைப்பும்" என்று அவன் பெயர். நான்தான் வடிவமைக்க வேண்டும். பல்லைக் கறுப்பாக்கலாம், காதைப் பெரிதாக்கலாம், யாருக்கும் சட்டென்று தெரியாதபடி ஒரு கண்ணை மட்டும் கொஞ்சம் கீழே இறக்கலாம்.

கன்னத்தில் ஒரு பரு இருந்தது. அதை அழித்துக் கொடுத்தேன். தொழில் சுத்தம், அவ்வளவுதான்.

மயில்சாமி அண்ணன் என் பின்னால் நின்று திரையைப் பார்த்தார். "பேனர் கட்ட நானும் நீயும் போவோம். ஏணிய நான் புடிச்சுக்கறேன்" என்றார்.

ஜூலை 7

கூரை செய்துவிட்டேன். புதிய ஹேங்கருக்கு இல்லை. அவன் கையில் இருக்கிற பழைய ஹேங்கரின் அளவுக்கு. எட்டு நாக்கு, எட்டுக் காடி. நடுவில் உள்ளே தெரிகிற மாதிரி கண்ணாடித் தாள். அந்தச் சுவர்களில் காடி எதற்கு இருக்கிறது என்று அவன் ஒருமுறைகூட என்னிடம் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருந்தால் பழி பெரிது. வெள்ளிக்கிழமை என்றால் பழி கொஞ்சம் சின்னது, ஆனால் லாரி வராது. மன்றத் தலைவி என்கிற முறையில் வெள்ளிக்கிழமை என்று முடிவு செய்கிறேன். அபினவ் மேல் பரிதாபப்பட்டு இல்லை, அதைத் தெளிவாகப் பதிவு செய்கிறேன்.

ஜூலை 10, வெள்ளி

வரிசையாகச் சொல்கிறேன். ஒன்றையும் விட மாட்டேன்.

நான் ஏணி மேல் பேனர் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோதே ஆட்கள் வந்துவிட்டார்கள். முன்வரிசையில் சேர்மன், பக்கத்தில் ஊரிலிருந்து நேற்றுத்தான் திரும்பிய ஹெப்சிபா மேடம். நடுவில் மேசை, அதன்மேல் என் ஹேங்கர். அபினவின் நண்பன் ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்து லைவ் ஓட்டிக்கொண்டிருந்தான். அபினவ் மேலே பார்த்தான். ஏணியில் நான். அவன் முகத்துக்கு மேல் என் முகம். சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

வீடியோவில் செய்த அதையே செய்து காட்டினான். இரண்டு விரல், ஒவ்வொரு விமானமாக, வாயால் ஜெட் சத்தம். கடைசியாகப் பெரியம்மாவைத் தூக்கிக் குறுக்கே இறக்கினான். கைதட்டல்.

நான் இறங்கினேன். ஃப்ளெக்ஸ் தாளில் சுற்றி வைத்திருந்த கூரையை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போனேன்.

"ஐயா, மாடலுக்குக் கூரை இல்லாம இருக்குது பாருங்க. கொண்டாந்திருக்கேன்."

இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று சேர்மன் நினைத்துவிட்டார். "போடு கண்ணு, போடு!"

வைத்தேன். டக், டக், டக், எட்டு நாக்கும் எட்டுக் காடியில் உட்கார்ந்தன. சேர்மன் குனிந்து பார்த்தார். "அட, அளவெடுத்துத் தெச்சாப்டி இருக்குதே!"

"அளவெடுத்ததுதானுங்க. சுவத்த வெட்டினதும் நான், கூரைய வெட்டினதும் நான்." பிறகு அபினவைப் பார்த்துச் சொன்னேன்: "ஒருக்கா கூரையக் கழட்டி விமானத்த எல்லாம் வெளிய எடுத்துட்டு, மறுபடி மூடி, வாசல் வழியா உள்ள கொண்டாங்க பாக்கலாம்."

"ப்ரோ, இது டிஸ்ப்ளே மாடல் ப்ரோ. கூரையெல்லாம் தேவையில்ல."

"நிஜ ஹேங்கருக்குக் கூரை இருக்குதுங்களே."

யாரோ சிரித்தார்கள். மேடம் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "செஞ்சு காட்டுங்க தம்பி. எனக்கும் பாக்கணும்."

ஊதுபத்திக் குச்சியை நானே கொடுத்தேன். கான்பெரா போனது. மற்றவை போயின. பெரியம்மா நுழைந்தாள், திருப்பினான், இடித்தது. இன்னொரு பக்கம் திருப்பினான், இடித்தது. எல்லாவற்றையும் வெளியே எடுத்தான். பெரியம்மாவை முதலில் விட்டான், பிறகு கான்பெரா போகவில்லை. அவன் காது மடல் சிவந்தது. லைவில் வருகிற கருத்துகளை அந்த நண்பன் பழக்கதோஷத்தில் சத்தமாகப் படித்துவிட்டான்: "தலைவா, டகோட்டாவ மடிச்சு வைங்க." அரங்கமே சிரித்தது. மக்களே, அந்தச் சத்தத்தை நான் பாட்டில் அடைத்து வைத்துக்கொள்வேன்.

"இதுக்கு ஏன் இவ்வளவு பாடு?" என்றார் சேர்மன். "கைய மேல இருந்து உட்டா ஆச்சு."

"அந்தக் கைய எங்க வாடகைக்கு எடுக்கதுன்னும் சொல்லிருங்க சார்" என்றார் மேடம்.

அபினவ் குச்சியை வேகமாகத் தள்ளினான். பெரியம்மா வாசல் ஓரத்தில் மோதி, இடது சக்கரம் பிய்த்துக்கொண்டது. மிளகு மேசையில் உருண்டு கீழே விழுந்தது.

அப்போது சேர்மன் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. முகத்தில் வருத்தமே இல்லை. நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "சரி, தெரிஞ்சு போச்சுல்ல? பெருசு உள்ள போகாது. நாலு போதும். காயலான் கடைக்காரனுக்கு ஒரு போனப் போட்டு, நாளைக்கே வந்து எடுத்துக்கச் சொல்லிருங்க."

என் திட்டத்தில் அந்த வரி இல்லை. அவன் தோற்பான், நான் ரசிப்பேன் என்பது வரைதான் திட்டம்.

"போகுமுங்க!" என் குரல் எனக்கே விசில் மாதிரி கேட்டது. "அஞ்சும் போகுமுங்க ஐயா! நான் காட்டறேன்."

"காட்டு, பாக்கலாம்."

நான் உடனே காட்டியிருக்க வேண்டும். மேடம் கண்ணாலேயே சொன்னார். ஆனால் அந்தக் கம் போடுகிற பேச்சு இருபத்து மூன்று நாளாக வயிற்றில் கிடந்தது.

"மொதல்ல அந்த மொளகு" என்றேன். அபினவிடம்: "கீழ உழுந்துருச்சு. எடுத்துக் குடுங்க. சக்கரமில்லாம எப்படிப் போவா?"

லைவ் ஓடிக்கொண்டிருந்தது. அவன் மண்டியிட்டான். மேசைத் துணிக்கு அடியில் தலையை விட்டுத் தேடினான். முன்வரிசைக்காரர்கள் காலைத் தூக்கிக்கொண்டார்கள். கண்டுபிடித்து உள்ளங்கையில் வைத்து நீட்டினான். நான் வாங்கவில்லை.

"இது யார் ஒட்டின மொளகு?"

"நீ... நீங்க."

"நீங்கன்னா யாரு? பேரச் சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்கட்டும்."

அவன் வாயைத் திறந்தான். மூடினான். என்னையே பார்த்தான். மண்டியிட்டபடியே.

அவனுக்கு என் பெயர் தெரியாது.

இரண்டு டீ குடித்திருக்கிறான். ஒரு மேசையில் தலையோடு தலை வைத்து உட்கார்ந்திருக்கிறான். ப்ரோ, ப்ரோ, ப்ரோ. ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அது என் திட்டத்தில் சுத்தமாக இல்லை. நான் அங்கேயே நின்றேன்.

ஏணிப் பக்கமிருந்து மயில்சாமி அண்ணன் கத்தினார்: "கோகிலவாணிடா! என்ற கடைப் புள்ள பேரு கோகிலவாணி! சொல்லு!"

"கோகிலவாணி" என்றான்.

மிளகை வாங்கிக்கொண்டேன். ஒட்ட நேரமில்லை. பையிலிருந்து என் புது பெரியம்மாவை எடுத்தேன், அழிரப்பர் டிராக்டரையும். கூரை போட்டது போட்டபடி இருக்க, கான்பெரா, மிக், நாட், கிரண். கடைசியில் பெரியம்மா, வால் முன்னால், நேராக, மெல்ல. டிராக்டர் சந்து வழியாக வெளியே வந்தது. எங்கேயும் உரசவில்லை. கண்ணாடித் தாள் வழியாகச் சேர்மன் பார்த்தார். பெரியம்மா மூக்கைத் தூக்கிக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"காபி கேக்கறாப்டி நிக்குதே!" என்றார் சேர்மன், நான் சொல்லிக் கொடுக்காமலே. பிறகு உதவியாளரைக் கூப்பிட்டார். "அந்தக் கடைக்காரனுக்குப் போன் பண்ணாதீங்க."

எல்லோரும் கலைந்த பிறகு மேடம் பக்கத்தில் வந்தார். தோளில் கை வைத்தார். "எப்ப பிள்ளே கண்டுபிடிச்ச?"

"ரெண்டு வாரமாச்சுங்க மேடம்."

கை தோளிலிருந்து நழுவியது. "ரெண்டு வாரமா... சொல்லாம இருந்தியா? அவ மேல சாக்பீஸ் கோடு போட்ட பெறகுமா?"

எனக்குத் தாகமாக இருந்தது. தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

ஜூலை 11, சனி

பூட்டைத் திறக்கிறேன் மக்களே. மேலே இருப்பது அத்தனையும் இனி பொதுவில். ஒரு வரியையும் அழிக்கவில்லை, ஷாம்பூ வரியைக்கூட.

அவன் மேசைக்கு அடியில் மிளகு தேடுகிற பகுதியை வெட்டித் தனியாகப் போட்டிருக்கிறேன். திரும்பத் திரும்ப ஓடும். நானே எத்தனை முறை பார்த்தேன் என்று கேட்காதீர்கள். என் பெயர் தெரியாமல் அவன் விழிக்கிற இடம் வந்ததும் நிறுத்திவிடுகிறேன், அந்த இடம் வெளிச்சம் சரியில்லை.

காலையில் அவனிடமிருந்து செய்தி வந்திருக்கிறது. தடையை எடுத்துவிட்டான். திறக்கவில்லை. வெளியில் தெரிகிற முதல் சொல் "கோகிலவாணி". எழுத்துப் பிழை இல்லை. திறக்கவும் மாட்டேன், அழிக்கவும் மாட்டேன், அங்கேயே கிடக்கட்டும்.

மன்னிப்பாயா என்று அம்மா கேட்டாள். மாட்டேன் என்றேன். "சரி, அந்த மொளகையாச்சும் தூக்கிப் போடு" என்றாள். அதுவும் மாட்டேன். மாத்திரை டப்பாவில் இருக்கிறது. மதியம் ஓடுதளத்துக்குப் போய், ரங்கன் அண்ணனின் ஈரச் சாக்கை வாங்கி, சாக்பீஸ் கோடுகளை எல்லாம் தேய்த்துவிட்டு வந்தேன். சிறகின் அடியில் இருப்பது எட்டவில்லை. மேடம் வந்து ஸ்டூல் போட்டுக் கொடுத்தார்.

இப்போது உங்களுக்கு வேலை. நாளை ஞாயிறு காலை ஓடுதளத்துக்கு வாருங்கள். ஆளுக்கு ஒரு மிளகு எடுத்து வாருங்கள், பெரியம்மாவின் சக்கரத்தடியில் போட்டு அனுப்புவோம். வர முடியாதவர்கள் இந்த நாட்குறிப்பைப் பகிருங்கள், அவனுடைய தொண்ணூறாயிரம் பேருக்கும் போய்ச் சேருகிறவரை பகிருங்கள். அவன் வீடியோவுக்குக் கீழே போய் யாரும் திட்ட வேண்டாம். என் பெயரை மட்டும் எழுதுங்கள். முழுப் பெயர். ஒருவர் விடாமல்.

வருகிறவர்கள் எல்லோரும் வாசல் வழியாகவே வாருங்கள்.